துண்டு இல்லை, நோயாளி இருக்கிறாள்

இந்த அறுபத்தைந்தாம் வருஷத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைவிட அதிகமாக விளைவது புரளி. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டார்களாம். எங்களில் இத்தனை இலட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டதாம். யார் எந்தப் பங்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேச எங்கள் லயத்து ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

லயம் என்பது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு, காம்பரா என்பது அதில் ஒரு குடும்பத்தின் ஒற்றை அறை. ஒரு காம்பராவில், இந்தியாவில் ஆஸ்பத்திரியே கிடையாது, காய்ச்சல் வந்தால் வேப்பிலையைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான் என்பார்கள். அடுத்த காம்பராவில், அங்கே நாலு எட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி, பாலும் ரொட்டியும் கட்டிலுக்கே வரும் என்பார்கள். மூன்றாவது காம்பராவில், போன மார்கழிப் புயலில் தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோய்விட்டது, ஆஸ்பத்திரியும் அதோடு போயிருக்கும் என்று கையை விரிப்பார்கள். இவர்களில் ஒருவர்கூட, இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாரைக் கண்ணால் கண்டவர் இல்லை.

இந்தப் புரளியெல்லாம் கடைசியில் போய் நிற்கும் இடம் காளியாயி வீட்டு வாசல். டயகமவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வந்த ஒரே கொழுந்துக்காரி அவள்தான். அவளும் சலிக்காமல் பதில் சொல்கிறாள். சலிக்காமல் என்றால் பொறுமையாக என்று நினைக்க வேண்டாம். திட்டிக்கொண்டே சொல்கிறாள்.

நான் அழகுமுத்து. தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். பேனா பிடித்த கை கத்திக்கு வந்தது காளியாயியால்தான். அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருப்பது என்மேல்.

காளியாயி இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே எதையும் சும்மா விழுங்க மாட்டாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றும் நாளில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால், இவள் வாயில் அடக்கிவைத்திருந்து கங்காணியின் வேட்டியில் துப்பியவள். அம்மா செத்தபோது தங்கை நாகலெட்சுமி ஒரு வயதுக் குழந்தை. பதினைந்து வயதுக் காளியாயி அவளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து எடுத்தாள். பிறகு நல்லமுத்துவைக் கட்டினாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நாகலெட்சுமிதான் தங்கை, பிள்ளை, எல்லாம்.

நாற்பத்தெட்டில் நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, நாங்கள் யாரும் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஒரு சட்டம் வந்தது. அன்று லயமே வாயடைத்து உட்கார்ந்திருந்தது. காளியாயி மட்டும் கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நேத்து வரைக்கும் இருந்தேன்ல? ராத்திரியோட ராத்திரியா நான் எங்க போனேன்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மலைக்குப் போய்விட்டாள்.

டிஸ்பென்சரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நடத்தியவர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர், மருந்து கலக்கப் படித்தவர், டாக்டர் இல்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் அவரை டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். சிவப்பு மருந்து, வெள்ளை மருந்து, கறுப்பு மருந்து என்று மூன்று போத்தல்கள். எந்த நோய்க்கு எது என்பதில் எங்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. மூன்றுக்கும் அடங்காத நோய் என்றால் டவுனில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குத் துண்டு வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. அதில் ஆளின் பேர், தோட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கங்காணியின் ஆள் என்றெல்லாம் நான் எழுதுவேன். சிவபாதம் பார்ப்பார். பங்களாவில் தோட்ட மேலாளரான தொரை கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் நோயாளி புறப்படலாம்.

துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் சேர்க்க மாட்டார்கள் என்பது எங்கள் லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சேர்க்காததோடு நில்லாமல் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள், பொலிஸ் வந்து களவாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணி என்று பிடித்து இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடும். இப்படி அனுப்பப்பட்ட ஆளின் பேரைச் சொல்லச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அனுப்பப்பட்டது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஐம்பத்தேழில் காளியாயியின் அப்பா இந்தியாவில் செத்துப்போனார். வயதான காலத்தில் துறையூர்ப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டவர். தலைத்திவசத்துக்காவது போய்ச் சேரக் காளியாயி புறப்பட்டாள். போக ஒரு பத்திரம், வர ஒரு பத்திரம் என்று நாலு மாதம் அலைந்துதான் கிளம்ப முடிந்தது. ஊரில் அவளைப் பார்க்கக் கூட்டம். சிலோன்காரி வந்திருக்கிறாள் என்று ஆளாளுக்குக் கேள்வி.

"அங்க லயத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டராமே?"

"மலைக் குளிர்ல கிருமியெல்லாம் செத்துப்போயிருமாமே? யாருக்கும் சீக்கே வராதாமே?"

"நாளெல்லாம் தேயிலை குடிக்கிறதால வயித்து நோவே கெடையாதாம்ல?"

காளியாயி சிரித்துவிட்டாளாம். "நாங்க குடிக்கிறது தேயிலை இல்லங்க. பெக்டரியில கூட்டித் தள்ளுற தூசி" என்றிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. தங்கத்தை ஒளித்துவைத்துக்கொண்டு பிச்சைக்காரி வேஷம் போடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

திவசம் முடிந்த மூன்றாம் நாள் காலில் கருவேல முள் ஏறியது. பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சித்தப்பா மகன் அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று சந்தைக்குப் போய்விட்டான். அப்போது காலை எட்டு மணி.

காளியாயி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஆட்கள் உள்ளே போகிறார்கள், வருகிறார்கள். அவர்களிடமெல்லாம் துண்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மணி வாக்கில் கேட்டில் நின்ற காவல்காரர் வந்து கேட்டார்.

"ஏம்மா, காலையிலேர்ந்து இங்கயே உக்காந்திருக்கியே, என்ன விஷயம்?"

"கால் நோவுங்க. துண்டு இல்லீங்க. எங்க தோட்டம் சிலோன்ல இருக்கு. இந்த ஊரு தொரை யாருன்னு சொன்னீங்கன்னா, அவருகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி எழுதி வாங்கிக்கிட்டு வந்துருவேன்."

காவல்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்திருக்கிறார். "எந்தத் தொரைம்மா? அவன் கப்பலேறிப் பத்து வருஷமாச்சு. எந்திரிச்சு உள்ள போ."

"உள்ளயா? சும்மாவா?"

"பின்ன மேளதாளத்தோடயா?"

உள்ளே போனாள். வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். பேர் என்ன? வயசு என்ன? என்ன நோவு? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நாலாவது கேள்விக்காக நின்றாள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று கேட்பார், அப்போது மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று காத்திருந்தாளாம். நாலாவது கேள்வி வரவில்லை. "நகரும்மா, அடுத்த ஆளு" என்றார்கள். காலைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப்போட்டார்கள். நாலு நாள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். கட்டில் இல்லை, ஒரே கூட்டம், பாலும் ரொட்டியும் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் கால் ஆறிவிட்டது.

திரும்பி வந்து இதை லயத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அங்கே ஊர்க்காரர்கள் நம்பாத மாதிரியே இங்கேயும் நம்பவில்லை. "தொரை இல்லாத ஆஸ்பத்திரியா? யாரு வந்தாலும் சேத்துக்குவானா? கத கட்டாத" என்றார்கள். பெரிய கங்காணி இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே துண்டு இல்லாமல் சேர்ப்பது மருந்து சோதித்துப் பார்ப்பதற்குத்தான் என்று கண்டுபிடித்தார். "சோதிச்சுப் பாத்தவ உசுரோட ஒங்க முன்னாடி நிக்கிறேன், தொட்டுப் பாருங்க" என்று காளியாயி காலை நீட்டியிருக்கிறாள். கங்காணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் அன்று நம்பாமல் சிரித்தவர்களில் ஒருவன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தொன்பது ஆனி மாதம். ஒரு சனிக்கிழமை. மழை நாலு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாகலெட்சுமிக்கு இருபத்திரண்டு வயது, முதல் பிரசவம். வெள்ளி இராத்திரி வலி கண்டு, விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. தோட்டத்து மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காலை பத்து மணிக்குக் காளியாயி டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றாள். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"டொக்டர் ஐயா, எந் தங்கச்சி பொழைக்க மாட்டா போல இருக்குங்க. ஆஸ்பத்திரிக்குத் துண்டு குடுங்க."

சிவபாதம் கெட்டவர் இல்லை. பயந்தவர். போய் நாகலெட்சுமியைப் பார்த்துவிட்டு வந்து, "ஓமோம், அனுப்பத்தான் வேணும்" என்றார். நான் துண்டு எழுதினேன். பங்களாவுக்கு ஓடினேன். தொரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார், குதிரைப் பந்தயம். மத்தியானம் வந்துவிடுவார் என்று பங்களாவில் சமைக்கும் கோக்கி சொன்னான். குசினிப் பக்கத்துத் தாழ்வாரத்தில் துண்டை நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, தொரை இல்லை என்றேன்.

"ஐயா, நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள் காளியாயி.

"துரையின்ரை கையெழுத்து இல்லாமல் நான் அனுப்பேலாது, பிள்ளை. நாளைக்கு என்னட்டைத்தான் விளக்கம் கேப்பினம். கொஞ்சம் பொறு. வந்திடுவார்."

அவள் பொறுத்தாள். இன்னொரு மணி நேரம். லயத்திலிருந்து நாகலெட்சுமியின் சத்தம் டிஸ்பென்சரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் குறைய ஆரம்பித்தது. அதைக் கேட்டதும் காளியாயி எழுந்துவிட்டாள்.

"ஊருபேரு தெரியாத எடத்துல துண்டு இல்லாம உள்ள போனவ நான். இங்க மட்டும் என்னத்தக் கிழிச்சிருவாங்க? நான் தூக்கிட்டுப் போறேன்."

பக்கத்துக் காம்பரா மீனம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அடியே, அது இந்தியா. இது வேற நாடு. வாசல்லயே வச்சுப் பொலிசுல குடுத்துருவாங்கடி. ஒன்னையும் சேத்து ஏத்தி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். அங்கதான் ஆஸ்பத்திரி தொறந்து கெடக்குல்ல, அங்க கொண்டுபோயிப் பாத்துக்கிறேன்!"

எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக நிற்பது அந்த நிமிஷம்தான். ஏனென்றால் எனக்குத் தெரியும். துண்டோடு எத்தனையோ பேரை நான் அந்த டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் வெறுங்கையோடு வந்து, பேரைச் சொல்லி, உள்ளே போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். துண்டு கேட்பது எங்கள் ஆட்களிடம் மட்டும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதிய துண்டு கையில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி நாகலெட்சுமியை அதில் கிடத்தினார்கள். ஒரு முனையில் நாகலெட்சுமியின் புருஷன், மறு முனையில் நல்லமுத்து. காளியாயி குடைபிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். டயகம வரை வழுக்கும் பாதையில் நடந்து, அங்கே தேயிலைப் பெட்டி ஏற்றிய ஒரு லொறியை நடுரோட்டில் மறித்து நிறுத்தினாளாம். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "ஏத்திக்க, இல்லன்னா எங்க மேல ஏத்திட்டுப் போ" என்றாளாம். அவன் ஏற்றிக்கொண்டான். நான் அங்கே இல்லை. நல்லமுத்து சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சிங்கள ஊழியர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். கம்பளியைப் பார்த்ததுமே தோட்டத்து ஆட்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"துண்டுவ கோ?" என்றார். துண்டு எங்கே?

காளியாயிக்குச் சிங்களம் கடைத்தெருவில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

"துண்டுவ நே. லெடா இன்னவா!" என்று கத்தினாள். துண்டு இல்லை, நோயாளி இருக்கிறாள்.

அவர் நீட்டிய கையை இறக்கவில்லை. காளியாயி விடவில்லை. தமிழில் தொடர்ந்தாள். "பேரு நாகலெட்சுமி. வயசு இருவத்திரெண்டு. நோவு, புள்ள வராத நோவு. இந்த மூணும்தான் கேக்கணும். நாலாவதா ஒன்னக் கேட்டன்னா இந்த வாசல்லயே உக்காந்துருவேன். பொலிசக் கூப்புடு. தொரையக் கூப்புடு. யாரை வேணாக் கூப்புடு. அதுக்கு முன்னாடி டாக்டரக் கூப்புடு."

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தாள். கம்பளியை விலக்கிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் தள்ளுகட்டில் வந்தது. நாகலெட்சுமி உள்ளே போய்விட்டாள். பொலிஸ் வரவில்லை. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நல்லமுத்து சொல்வான், கதவு அவ்வளவு இலேசாகத் திறந்ததைப் பார்த்தபோதுதான் தனக்கு அழுகை வந்தது என்று.

நாகலெட்சுமி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

அங்கே அவளைப் பார்த்த சிங்கள டாக்டருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். காளியாயியைக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருக்கிறார். துண்டுக்குக் காத்திருந்தோம் என்றாள். அவர் அவளையே பார்த்தாராம். "துண்டு தோட்டத்துக்கும் எங்களுக்கும் உள்ள விஷயம். ஆள் வந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரிய. ஆள் உள்ள வர துண்டு வேணாம். எந்த நாளும் வேணாம்." அப்புறம் சொன்னாராம்: "ரெண்டு மணித்தியாலம் முந்தி வந்தா, புள்ளையும் இருக்கும்."

இரண்டு மணித்தியாலம். ஒன்று நான் பங்களாத் தாழ்வாரத்தில் நின்றது. இன்னொன்று டிஸ்பென்சரி வாசலில் அவள் நின்றது.

பிள்ளையைப் புதைத்து இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வரும் வழியில் காளியாயி டிஸ்பென்சரிக்கு வந்தாள். சிவபாதம் வீட்டுக்குப் போயிருந்தார். நான் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அழகுமுத்து" என்றாள்.

நிமிர்ந்தேன்.

"நீ எத்தன தடவ அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப? அங்க கிராமத்து ஆளுக துண்டு குடுத்தா உள்ள போறாங்க?"

"இல்ல."

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே" என்றேன். அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று எனக்கே உறைத்தது.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கூடையை இறக்கிவைத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இப்ப நான் கேக்குறேன். எழுது. துண்டு எழுதி எழுதிப் பழகின கைதான? வா."

பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் நாங்கள் பேர் கொடுக்க நிற்கும் இடத்துக்கு, நேர் எதிரே ஒரு லயத்துச் சுவர். தீபாவளிக்கு வெள்ளையடித்தது. பொழுது சாயும் நேரத்தில் அங்கே நின்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆஸ்பத்திரிக்குத் துண்டு வேண்டாம். பேர், வயது, நோய் சொன்னால் போதும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். எழுதி முடித்ததும் காளியாயி போய் மீனம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். மீனம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்.

"வாசி. இவன் வேற ஏதாச்சும் எழுதிருந்தாலும் எழுதிருப்பான்."

மீனம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். சரியாக இருந்தது. காளியாயி சுவரை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் எனக்கு அவமானம்.

மறுநாள் பெரட்டுக்கு முந்நூறு பேர் வந்து நின்றார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குசுகுசுவென்று சொல்ல, களம் முழுக்கத் தேனீக்கூடு மாதிரி ஒரே இரைச்சல். தொரை வந்தார். தொரைக்கு அடுத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சுவரைக் காட்டி அர்த்தம் சொன்னார். தொரையின் முகம் சிவந்தது.

"யார் எழுதினது?" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

"நான்தாங்க" என்று காளியாயி முன்னால் வந்தாள்.

தொரை சிரித்தார். "உனக்குக் கைநாட்டுத்தானே. எப்படி எழுதின?"

"சொன்னது நான். எழுத்து யாருதா இருந்தா என்ன? அந்தச் சொவத்துல இருக்கிறதுல ஒரு வார்த்த பொய்யின்னா, தொரையே இப்ப இந்த எடத்துல சொல்லட்டும். எல்லாரும் கேட்டுக்கிறோம்."

தொரை வாயைத் திறந்தார். முந்நூறு பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அவ்வளவு பெரிய தொரை, ஒரு கரித்துண்டு எழுத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தோம். கடைசியில், "எழுதின கை யாருது?" என்று மட்டும் கத்தினார்.

பெரிய வீரனைப் போல முன்னால் வந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அது இல்லை. காளியாயி திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். "என் கைங்க" என்றேன்.

அன்றோடு டிஸ்பென்சரி வேலை போயிற்று. மறுநாள் கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். காளியாயியின் பேரை இனி பெரட்டில் எழுதக் கூடாது, வேலை கிடையாது என்று உத்தரவு. அவளோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். "அவ பேரு இல்லன்னா எங்க பேரும் வேணாங்க" என்றார்கள். துளிர் முற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் பேர் தானாகத் திரும்பி வந்தது.

சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு மழை பெய்ததும் கரி வெளியே தெரிந்தது. மறுபடி அடித்தார்கள். அந்தப் பூச்சு காய்வதற்குள் வேறு ஏதோ ஒரு கை, என் எழுத்தைவிடக் கோணலாக, அதையே எழுதிவைத்தது. அது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுபத்தொன்றில் நாகலெட்சுமி மறுபடி முழுகாமல் இருந்தாள். நாள் நெருங்கப் பத்து நாள் இருக்கும்போதே காளியாயி அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். குறுக்குப் பாதை இருந்தும் அதில் போகவில்லை. பட்டப்பகலில், டிஸ்பென்சரி வாசல் வழியாக, பெரட்டுக் களத்தைக் கடந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். சிவபாதம் எழுந்து வந்து, "துண்டு வேண்டாமோ, பிள்ளை?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார்.

"நீங்களே வச்சுக்கங்க ஐயா. ஒங்களுக்கு ஒரு நாளைக்கு நோவு வந்தாத் தேவப்படும்."

அந்தத் தடவை பெண் பிள்ளை. இப்போது நாலு வயது. விளக்கெண்ணெயைத் துப்புகிறது.

போன வாரம் இங்கே வேலாயி குடும்பம் மூட்டை கட்டியது. அவர்களுக்கு முன்பே இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. புறப்படுவதற்கு முதல்நாள் லயத்துப் பெண்களெல்லாம் வேலாயியோடு காளியாயி வாசலில் கூடியிருந்தார்கள். வழக்கம்போல ஒருத்தி கேட்டாள், அங்கேதான் அவ்வளவு சுலபமாகச் சேர்த்துக்கொள்கிறார்களே, நீயும் இந்தியாவுக்கே எழுதிப் போட வேண்டியதுதானே என்று.

"அங்க கட்டிலும் இல்ல, பாலும் இல்ல. வரிசைதான் இருக்கு. ஆனா வரிசையில நிக்க விடுவாங்க, அது நெசம்" என்றாள் காளியாயி. "அதுக்காக நான் எதுக்குப் போகணும்? இங்கயும் அந்த வரிசை இருக்கு. அதுல நிக்கிறதுக்கு ஒரு புள்ளையக் குடுத்துருக்கோம். எவன் ஒப்பந்தம் போட்டாலும் என்னை இங்கருந்து தூக்கணும்னா கம்பளியில கட்டித்தான் தூக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயி மட்டும் சிரிக்கவில்லை. எதையோ கேட்க வந்து, கேட்க வெட்கப்பட்டு, கலைந்து போகும்போது என்னைக் கடந்து போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன், தன் காம்பராவில் அடுப்பருகே உட்கார்ந்து மூட்டைக்குள் ஒரு பழைய தகர டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தாள். மூடி கழன்று விழுந்தது. உள்ளே பழுப்பேறிய காகிதம் ஒன்று. பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் கையெழுத்து. ஐம்பத்தைந்தில் அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் எழுதிய துண்டு, தொரை போட்ட கையெழுத்தோடு அப்படியே இருந்தது. பத்து வருஷமாக வைத்திருக்கிறாள். இந்தியாவில் தேவைப்படும் என்று கடல் கடந்து எடுத்துக்கொண்டு போகிறாள்.

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

நான் அந்தத் துண்டை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். வேலாயி ஐயோ என்று அலறினாள்.

"பேரு, வயசு, நோவு" என்றேன். "மூணே மூணுதான், வேலாயி. எந்த நாட்டுலயும் அந்த மூணுதான். சொல்லிப் பாரு."

அவள் சொன்னாள். நான் விடவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.